குகையும் பேய்க்கதையும்: தேசியப் பூங்காக்களை ஆராயப் புறப்படும் இளம் வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெரிய குகைகள் பலவற்றுக்கு ஒரு பேய்க்கதையாவது உண்டு. ஆளில்லாத இடத்தில் இருமல் சத்தம் கேட்டது, விளக்கு தானாக அணைந்தது, யாரோ பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று அந்தக் கதைகள் நீளும். கேட்டு நடுங்குவதோடு நின்றுவிடுபவர் கதையில் பாதியைத்தான் பெறுகிறார். ‘பேயாவது, பிசாசாவது’ என்று உதறித் தள்ளுபவர் அந்தப் பாதியையும் இழந்துவிடுகிறார். எஞ்சிய பாதி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அந்த இருளுக்குள் உண்மையாகவே உழைத்த, நோயுற்ற, சில வேளைகளில் உயிர்விட்ட மனிதர்களின் வரலாறு. மற்றொன்று, காற்றும் நீரும் இருளும் சேர்ந்து நம் புலன்களை என்ன செய்கின்றன என்னும் அறிவு. ஒரு பேய்க்கதையைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்விரண்டையும் தேடிச் செல்வது எப்படி என்பதைப் பத்து வயதைக் கடந்த வாசகர்களுக்குப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம். பெற்றோரும் ஆசிரியரும் உடன் படிப்பது நல்லது. நான்காம், ஐந்தாம் படிகளை அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதற் படி: குகையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முறை செல்பவர்கள், பூங்கா ஊழியர்களே அழைத்துச் செல்லும் சுற்றுலா உள்ள குகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள மாமத் கேவ் தேசியப் பூங்கா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதுவரை அளந்தறியப்பட்ட சுரங்கவழிகளின் நீளம் 680 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டதால் உலகிலேயே மிக நீளமான குகை என்னும் பெயர் அதற்கு உண்டு. 1941-இல் முழுமையான தேசியப் பூங்காவாக நிறுவப்பட்ட அது, 1981-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ், தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் ஆகியனவும் இளம் வயதினருக்கு ஏற்றவை. 1903-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட விண்ட் கேவ், அந்தத் தகுதியை ஒரு குகைக்காகவே பெற்ற முதல் இடமாகும்.

டிக்கெட்டை முன்பதிவு செய்வதற்கு முன் மூன்று விவரங்களைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்: நடக்க வேண்டிய தொலைவும் படிக்கட்டுகளின் எண்ணிக்கையும், குறைந்தபட்ச வயது, குகை மூடப்படும் பருவம். ஊர்ந்து செல்ல வேண்டிய ‘வைல்ட் கேவ்’ சுற்றுலாக்களுக்கு வயது வரம்பு கடுமையாக இருக்கும்; அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பூங்காக்களில் ‘ஜூனியர் ரேஞ்சர்’ என்னும் திட்டம் இருக்கிறது. பயிற்சிக் கையேட்டில் உள்ள பணிகளை முடித்து ரேஞ்சரிடம் (பூங்காக் காவலரிடம்) காட்டினால், உறுதிமொழி ஏற்கச் செய்து பேட்ஜ் கொடுப்பார்கள். அந்தக் கையேட்டைச் சென்றவுடனேயே வாங்கிவிடுங்கள்; எதை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: கதையைத் திரட்டுதல்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காக மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்திக்குச் ‘சொல்லப்படுவது’ என்றும், இரண்டாவதற்குப் ‘பதிவில் உள்ளது’ என்றும், மூன்றாவதற்குக் ‘குகை செய்வது’ என்றும் தலைப்பிடுங்கள். கேட்ட கதையைக் கூட்டாமல் குறைக்காமல் முதல் பத்தியில் எழுத வேண்டும். ஆண்டு, ஆட்பெயர், இடம், இறப்பு என்று சரிபார்க்கக்கூடியவை எல்லாம் இரண்டாவதில் வரும். காற்று, வெப்பநிலை, ஒலி, ஒளி, உயிரினங்கள் ஆகியவை பற்றிய குறிப்புகள் மூன்றாவதில் இடம்பெறும். கதையைச் சொன்னவர் அதைத் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். பெரும்பாலான பேய்க்கதைகளில் ‘கண்டவர்’ எப்போதும் வேறொருவராகவே இருப்பார். அதுவே ஒரு முக்கியமான செய்தி.

விண்ட் கேவை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். 1881-இல் ஜெஸ்ஸி பிங்காம், டாம் பிங்காம் என்னும் சகோதரர்கள் தரையில் இருந்த ஒரு சிறு துளையிலிருந்து பலத்த ஓசையுடன் காற்று வெளியேறுவதைக் கேட்டு அருகே சென்றார்களாம். குனிந்து பார்த்தவரின் தொப்பியைக் காற்று மேலே தூக்கி எறிந்ததாம். சில நாட்கள் கழித்து, இந்த அதிசயத்தை நண்பர்களுக்குக் காட்டுவதற்காகத் தொப்பியைத் துளையின் மேல் நீட்டியபோது, குகை அதை உள்ளே இழுத்துக்கொண்டதாம். இது முதல் பத்தி. மூன்றாம் பத்தியில் எழுத வேண்டியது இது: குகைக்குள் இருக்கும் காற்றின் அளவு மிகப் பெரிது, வாயிலோ மிகச் சிறிது. வெளியே வளிமண்டல அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் காற்று வெளியே பாய்கிறது. அழுத்தம் கூடும்போது வெளிக்காற்று உள்ளே புகுகிறது. தொப்பியை ஒரு நாள் எறிந்த குகை இன்னொரு நாள் விழுங்குவதற்கு வானிலை மாறியதே போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அப்பகுதியின் பழங்குடியினரான லகோட்டா மக்கள், தங்கள் முன்னோர் பூமிக்கு அடியிலிருந்து இந்த வாயில் வழியாகவே மேலே வந்தார்கள் என்று நம்புகிறார்கள்; குகையின் காற்று அவர்களுக்குப் பூமியின் மூச்சு. அதைப் பேய்க்கதைப் பட்டியலில் சேர்ப்பது தவறு. ஒரு மக்களின் வழிபாட்டுக்குரிய இடத்தையும் சுற்றுலாப் பயணிகள் பொழுதுபோக்குக்காகச் சொல்லும் ஆவிக் கதையையும் பிரித்தறியப் பழகுவது இந்தப் படியின் மிக முக்கியமான பகுதி என்று நான் கருதுகிறேன். குறிப்பேட்டில் அத்தகைய கதைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, அந்த மக்கள் தாங்களே சொல்லியிருப்பதை மட்டும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கதையை வேர்வரை தேடுதல்

மாமத் குகையில் மிகுதியாகச் சொல்லப்படும் கதை இருமல் கதை. குகையின் உட்பகுதியில் கூரையற்ற இரண்டு சிறு கல்வீடுகள் நிற்கின்றன. அவற்றின் அருகே யாருமில்லாத நேரத்திலும் இருமல் கேட்கிறது என்றும், பக்கத்தில் உள்ள ‘பிணப்பாறை’ என்னும் பாறையருகே நிழலுருவங்கள் தெரிகின்றன என்றும் சொல்வதுண்டு.

இப்போது இரண்டாம் பத்திக்கு வருவோம். 1839-இல் ஜான் குரோகன் என்னும் மருத்துவர் இந்தக் குகையை விலைக்கு வாங்கினார். கோடையிலும் குளிரிலும் குகைக்குள் வெப்பநிலை மாறாமல் இருப்பதையும், உள்ளே வைத்த மரப்பொருள்கள் எளிதில் மக்காமல் இருப்பதையும் கண்ட அவர், இந்தக் காற்று காசநோயைக் குணப்படுத்தும் என்று நம்பினார். 1842-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நோயாளிகள் குகைக்குள் குடியேறினார்கள். அவர்களுக்காகக் கல்லிலும் மரத்திலும் குடில்கள் எழுப்பப்பட்டன. சூரிய ஒளி சிறிதும் எட்டாத அந்த இடத்தில் விளக்குகளின் புகையும் அடுப்புப் புகையும் வெளியேற வழியின்றித் தேங்கின. நுரையீரல் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருந்தவர்கள் அந்தப் புகையையே சுவாசித்தார்கள். நோயாளிகளின் நிலை மோசமடைந்தது. சிலர் உள்ளேயே இறந்தார்கள். 1843-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோதனை கைவிடப்பட்டது. குரோகனும் 1849-இல் காசநோயால்தான் இறந்தார். காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882-இல். ஆகவே, குரோகனைக் கொடியவர் என்று எழுதிவிடாதீர்கள். நோயின் காரணமே தெரியாத காலத்தில், நம்பிக்கையோடு செய்யப்பட்ட தவறான சிகிச்சை அது.

அந்த நோயாளிகளுக்கு உணவு கொண்டு சென்றவர்களும் பணிவிடை செய்தவர்களும் யார்? குகையில் வேலை செய்த கறுப்பின அடிமைகள். அவர்களுள் ஒருவரான ஆல்ஃபிரெட், உணவு நேரத்தில் ஒரு பாறைமேல் நின்று ஊதுகொம்பை ஊதி நோயாளிகளை அழைத்ததையும், அவர்கள் எலும்புக்கூடுகளின் கூட்டம்போலத் தோன்றியதையும் பிற்காலத்தில் பயணி ஒருவரிடம் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தக் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் பேய்க்கதையைப் பற்றிய என் பார்வையே மாறிவிடுகிறது. இருளில் நடமாடிய எலும்புருவங்களைக் கண்ட சாட்சி உண்மையிலேயே இருந்தார். அவர் கண்டவர்கள் உயிரோடு இருந்தவர்கள்.

அடிமை வழிகாட்டிகளைப் பற்றி எழுதும்போது ஸ்டீபன் பிஷப்பை விட்டுவிடக் கூடாது. 1838-இல், பதின்ம வயதிலேயே, சட்டப்படி இன்னொருவரின் உடைமையாக இந்தக் குகைக்கு அழைத்து வரப்பட்ட இவர், அதுவரை எவரும் தாண்டாத ‘அடியற்ற குழி’யைத் தாண்டி அப்பால் உள்ள சுரங்கவழிகளைக் கண்டுபிடித்தார். 1842-இல், நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அது அச்சாகிப் பல ஆண்டுகள் பயன்பட்டது. 1856-இல் விடுதலை பெற்று, அடுத்த ஆண்டே இறந்துபோனார். குகையின் பெரும்பகுதியை உலகுக்குக் காட்டிய மனிதர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ முழுவதையும் அடிமையாகவே கழித்தார் என்பது, நான் கேட்ட எந்த ஆவிக் கதையைவிடவும் மனத்தை உலுக்குகிறது.

மூன்றாம் பத்தி எளிது. குகைக்குள் சுமார் 12 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான் வெப்பநிலை. வெயிலிலிருந்து வருபவருக்கு உள்ளே நுழைந்தவுடன் உடல் சிலிர்க்கும். கல்சுவர்கள் ஒலியைத் திருப்பியனுப்புவதால், முன்னே சென்ற குழுவில் ஒருவர் இருமியது வளைவுகளைக் கடந்து பின்னே வரும் குழுவை எட்டலாம். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று காதுக்குப் பிடிபடாது. காசநோயாளிகளின் கதையைச் சற்று முன்புதான் கேட்ட ஒருவர் அந்த ஒலியை வேறெப்படிப் புரிந்துகொள்வார்?

நான்காம் படி: எச்சரிக்கும் கதைகளுக்குக் காதுகொடுத்தல்

சில கதைகள் பயமுறுத்துவதோடு நிற்காமல், எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்கின்றன. மாமத் குகைப் பகுதியில் ‘உதவுங்கள்’ என்று ஒரு குரல் கேட்பதாகச் சொல்லும் கதை, ஃபிளாய்ட் காலின்ஸ் என்னும் குகை ஆய்வாளரைப் பற்றியது. 1917-இல் கிரிஸ்டல் கேவ் என்னும் அழகிய குகையைக் கண்டுபிடித்தவர் அவர். பயணிகளை ஈர்க்கக்கூடிய புதிய வாயிலைத் தேடி, 1925 ஜனவரி 30 அன்று சாண்ட் கேவ் என்னும் குறுகிய குகைக்குள் தனியாக இறங்கினார். வெளியேறும்போது, சுமார் 12 கிலோ எடையுள்ள ஒரு கல் நழுவி அவர் காலைப் பூட்டிவிட்டது. ‘ஸ்கீட்ஸ்’ மில்லர் என்னும் இளம் செய்தியாளர் பலமுறை உள்ளே ஊர்ந்து சென்று அவரோடு பேசினார், உணவு கொடுத்தார். அந்தச் செய்திகளுக்காக 1926-இல் புலிட்சர் பரிசும் பெற்றார். இடையில் சுரங்கவழி இடிந்து அடைபட்டது. மேலிருந்து குழி தோண்டி பிப்ரவரி நடுவில் காலின்ஸை எட்டியபோது உயிர் பிரிந்திருந்தது. அவர் உடல் சில ஆண்டுகள் கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் காட்சிப்பொருளாகக் கூட வைக்கப்பட்டது. முறையான கல்லறை கிடைத்தது 1989-இல்தான். ‘அமைதியற்ற ஆவி’ என்று மக்கள் ஏன் சொல்லத் தொடங்கினார்கள் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அனுபவம் மிக்க ஒருவர்கூடத் தனியாகச் சென்றால், சிறு கல் ஒன்றே போதும் என்பதைக் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையின் கதை இன்னும் நெருக்கமானது. அதில் சிக்கியவர்கள் உங்கள் வயதினர். அந்தக் குகையைத் தன்னுள் கொண்ட மலை, படுத்திருக்கும் பெண்ணின் வடிவில் தெரியும். காதலனை இழந்து உயிர்விட்ட இளவரசியின் உடலே மலையானது, அவள் குருதியே உள்ளே ஓடும் நீரானது என்பது அவ்வூர்க் கதை. 2018 ஜூன் 23 அன்று, கால்பந்துப் பயிற்சிக்குப் பின் 12 சிறுவர்களும் அவர்களுடைய துணைப் பயிற்சியாளரும் உள்ளே சென்றபோது, மழைநீர் புகுந்து வழியை அடைத்தது. வாயிலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உள்ளே, ஜூலை 2 அன்றுதான் முக்குளிப்பவர்கள் அவர்களைக் கண்டார்கள். ஜூலை 8 முதல் 10 வரை பதின்மூன்று பேரும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். மீட்புப் பணியில் சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் உயிரைக் கொடுத்தார். ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கைப் பலகை வாயிலில் இருந்தது. அந்த ஆண்டு மழை அதற்கு முன்பே வந்துவிட்டது. இளவரசியின் கதையையும் இந்த நிகழ்வையும் அடுத்தடுத்துப் படித்தால், அந்த மலைக்குள் நீர் ஓடுகிறது என்பதை அந்தக் கதை எப்போதோ சொல்லிவைத்திருப்பதை உணர்வீர்கள். மழைக்காலத்தில், மழை பெய்யக்கூடும் என்ற ஐயம் இருக்கும் நாளில், பலகையில் உள்ள தேதி எதுவாக இருந்தாலும் குகைக்குள் செல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: புறப்படுவதற்கு முன்

மின்விளக்குப் பாதை போட்ட சுற்றுலா என்றால், வழுக்காத அடிப்பகுதி கொண்ட மூடிய காலணியும் ஒரு மெல்லிய குளிர்ச்சட்டையும் போதும். பாதையற்ற குகைக்குள் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு செல்வதானால் ஹெல்மெட் கட்டாயம். ஒவ்வொருவரிடமும் மூன்று தனித்தனி விளக்குகள் இருக்க வேண்டும் என்பது குகை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி: ஹெல்மெட்டில் ஒன்று, மாற்றாக இரண்டு, போதிய பேட்டரிகள். செல்போன் விளக்கை இதில் கணக்கிடக் கூடாது. குழுவில் நான்கு பேராவது இருப்பது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடிச் செல்லலாம். எந்தக் குகை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை வெளியே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வேறொரு குகைக்கு அணிந்து சென்ற உடையையும் காலணியையும் அப்படியே அணிந்து வராதீர்கள். வௌவால்களைத் தாக்கும் ‘வெண்மூக்கு நோய்’ ஒரு பூஞ்சையால் வருகிறது. 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்த நோய், வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களைக் கொன்றுவிட்டது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலை அது எழுப்பிவிடுகிறது. சேர்த்துவைத்த கொழுப்பு வசந்தத்துக்கு முன்பே தீர்ந்து, வௌவால் பட்டினியால் சாகிறது. பூஞ்சையின் வித்துகள் காலணியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் என்பதால்தான், மாமத் குகையில் சுற்றுலா முடிந்து வருபவர்களை கரைசலில் நனைத்த விரிப்பின்மேல் நடக்கச் செய்கிறார்கள்.

ஆறாம் படி: குகைக்குள் நடந்துகொள்ளும் முறை

கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும் தரையிலிருந்து எழும் கல்தூண்களையும் தொடக் கூடாது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், துளித்துளியாகச் சொட்டி, தன்னிடமுள்ள சுண்ணாம்பைப் படியவிட்டு அவற்றை வளர்க்கிறது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அந்தப் படிவு நிறம் மாறும், வளர்ச்சியும் தடைபடலாம். ஒடித்துவிட்டாலோ, உங்கள் கொள்ளுப்பேரர்கள் காலத்திலும் அது திரும்ப வளராது.

உணவைப் பற்றிய விதி ஏன் அவ்வளவு கடுமையானது என்பதற்கு 2024-இல் கார்ல்ஸ்பாட் பூங்காவில் நடந்த ஒன்றே விளக்கம். குகையின் மிகப் பெரிய அறையில் யாரோ ஒரு சீட்டோஸ் பொட்டலத்தைத் தவறவிட்டுச் சென்றார்கள். ஈரத்தில் ஊறிய அந்தச் சோளத் தின்பண்டத்தில் பூஞ்சை வளர்ந்தது. அதை உண்ணக் குகைப் பூச்சிகள் கூடின. சுற்றியிருந்த பாறைகளிலும் பூஞ்சை பரவியது. ரேஞ்சர்கள் அதைக் கையால் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. அங்கே வெறும் தண்ணீர் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லாததன் காரணம் இதுதான்.

வௌவால் எச்சம் குவிந்த இடத்தைக் கிளறாதீர்கள்; அதிலுள்ள பூஞ்சை வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் சென்று நோய் உண்டாக்கும். தூங்கும் வௌவால்மீது விளக்கை நீட்டிப் பிடிக்கவும் கூடாது.

ஏழாம் படி: இருளைக் கவனித்தல்

பல சுற்றுலாக்களில், ஓரிடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, ரேஞ்சர் விளக்குகளை அணைப்பார். இந்த அனுபவத்தில் முழு மனத்தையும் செலுத்துங்கள். வெளியில் நாம் இருட்டு என்று சொல்வதில் நட்சத்திர ஒளியாவது கலந்திருக்கும். குகையின் உட்பகுதியில் ஒளியே கிடையாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கண் அதற்குப் பழகாது.

முகத்துக்கு முன்னால் கையை மெல்ல அசைத்துப் பாருங்கள். கை அசைவது தெரிவதுபோலப் பலருக்குத் தோன்றும். உண்மையில் கண்ணுக்கு எதுவும் எட்டவில்லை. கை எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், அது தானே ஒரு நிழலை வரைந்து காட்டுகிறது. பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தொலைவில் ஓடும் நீரின் சலசலப்பில் மனிதப் பேச்சு கேட்பதுபோல இருக்கும். ஏனெனில் தெளிவற்ற ஒலிக்குள் சொற்களைத் தேடுவது நம் மூளையின் இயல்பு. நடுக்கமும் வரலாம், அது வெட்கப்பட வேண்டியதன்று. விளக்கு எரிந்தவுடன், பேசத் தொடங்குவதற்கு முன்பே, கண்டதையும் கேட்டதையும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். முதலில் பேசிவிட்டால், ஒருவர் கேட்ட குரல் மற்ற நால்வர் காதிலும் கேட்டதாக மாறிவிடும். எழுதியவற்றைப் பின்னர் ஒப்பிடும்போது, ஒரே நிமிடத்திலிருந்து எத்தனை வெவ்வேறு கதைகள் பிறக்கின்றன என்பதை நேரிலேயே காண்பீர்கள்.

எட்டாம் படி: கதையை எழுதிச் சொல்லுதல்

வீடு திரும்பிய பின், மூன்று பத்திகளையும் சேர்த்து ஒரே கதையாக எழுதுங்கள். தொடக்கத்தில் சொல்லப்படுவதைச் சொல்லுங்கள். அச்சமும் ஆர்வமும் குறையாமல் சொல்லலாம். அடுத்து உண்மையில் வாழ்ந்தவரைப் பெயரோடும் ஆண்டோடும் அறிமுகப்படுத்துங்கள். குகை செய்வதைக் கடைசியில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து; விளக்கத்தை முதலிலேயே போட்டுவிட்டால், கேட்பவர் மனிதரைப் பற்றி அறியும் முன்பே ‘இவ்வளவுதானா’ என்று எழுந்துவிடுவார். விளக்கம் கிடைக்காத பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அதை நிரப்ப எதையும் கற்பனை செய்து சேர்க்காதீர்கள்.

இறந்தவர்களின் துன்பத்தை விவரிக்கும்போது, அவர்களுடைய குடும்பத்தினர் அங்கே அமர்ந்து கேட்பதாக எண்ணிக்கொண்டு சொற்களைத் தேர்ந்தெடுங்கள். மிகச் சிறிய குழந்தைகள் கூட்டத்தில் இருந்தால், காலின்ஸின் உடலுக்கு நேர்ந்ததைப் போன்ற பகுதிகளைத் தவிர்த்துவிட்டு, பிஷப்பின் வரைபடத்தையோ விண்ட் கேவின் தொப்பியையோ சொல்லலாம். எழுதி முடித்த கதையை அந்தப் பூங்காவின் ரேஞ்சருக்கு அனுப்பி, ஆண்டுகளும் பெயர்களும் சரியாக உள்ளனவா என்று கேளுங்கள். அவர் திருத்தியதைக் குறிப்பேட்டின் இரண்டாம் பத்தியில் வேறு நிற மையால் எழுதிவைத்து, அடுத்த முறை அந்தக் கதையைச் சொல்லும்போது திருத்திய வடிவத்தையே சொல்லுங்கள்.